ஊருக்குப் போனோம், ஓட்டை விட்டுப் போனோம்!

"ஊருக்குப் போறேன்" என்று நம் தோட்டங்களில் ஒருவர் சொன்னால், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. அது தமிழ்நாடுதான். பாட்டன் கப்பலேறிய ஊர். நாமும் அங்கே பிறந்ததில்லை, நம் பிள்ளைகளும் பிறந்ததில்லை. அங்கே நமக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. இருந்தாலும் வாயில் வருவது 'ஊர்' என்றுதான்.

இந்த ஒரு சொல் நம் குடும்பத்தை மூன்று தலைமுறையாக என்ன பாடுபடுத்தியது என்பதை இந்த வாரம் வாசகர்களிடம் சொல்லலாம் என்று எண்ணுகிறோம். இதில் நம்முடைய குற்றமும் ஒன்று உண்டு. மூடி மறைக்காமல் அதையும் சொல்லிவிடுகிறோம்.

2018-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி, புதன்கிழமை. மலேசியாவின் 14-வது பொதுத்தேர்தல். ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் பேர் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். அவர்களில் நாமும் ஒருவர். அன்றைக்கு நாம் எங்கே இருந்தோம் தெரியுமா? திருச்சி மாவட்டம், துறையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், பங்காளி வீட்டு மொட்டை மாடியில், கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம்!

மலிவாகக் கிடைத்த டிக்கெட்

நாம் பிறந்து வளர்ந்தது கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். தாத்தா, பாட்டி, அப்பா, அத்தை எல்லாரும் கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்கள். குலதெய்வக் கோயில் மட்டும் துறையூர்ப் பக்கம் இருக்கிறது. சித்திரை மாதக் கடைசியில் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பது என்று அங்கிருக்கும் அண்ணன் (தாத்தாவின் தம்பி பேரன்) நாள் குறித்துச் சொல்லிவிட்டார். ஜனவரி மாதமே விமானச் சீட்டு மலிவாக வந்தது. நம் குடும்பத்தில் நால்வர், தம்பி குடும்பத்தில் மூவர், ஆக ஏழு பேருக்கும் வாங்கிவிட்டோம். மே 5-ஆம் தேதி புறப்பாடு, 15-ஆம் தேதி திரும்புதல்.

தேர்தல் அந்த ஆண்டில் வந்தே தீரும் என்பது நமக்குத் தெரியாதா? தெரியும். முந்திய தேர்தல் 2013 மே 5-ல் நடந்தது. ஐந்தாண்டு முடியப் போகிறது என்று கடைத்தெருவில் தேநீர் குடிப்பவர்கூடக் கணக்குப் போட்டுச் சொன்னார். "பார்த்துக்கலாம், அப்பத்தானா வரப்போவுது?" என்று இருந்துவிட்டோம்.

ஏப்ரல் 7-ல் நாடாளுமன்றம் கலைந்தது. 10-ஆம் தேதி தேர்தல் ஆணையம் நாளை அறிவித்தது. வேட்புமனு ஏப்ரல் 28. வாக்களிப்பு மே 9. வார நடுவில் வேலை நாளாக வந்ததே என்று நாடெங்கும் ஒரே முணுமுணுப்பு. மறுநாளே அதைப் பொது விடுமுறை என்று அறிவித்தார்கள்.

நம் வீட்டில் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டிக்கெட்டை மாற்றலாமா என்று கேட்டுப் பார்த்ததில், வாங்கிய விலையைவிட மாற்றும் செலவு கூடுதலாக இருந்தது. "ஏழு ஓட்டுலே என்ன ஆயிடப்போவுது? கிடாய்க்கு முன்பணம் குடுத்தாச்சு" என்றார் தம்பி. நாமும் தலையாட்டினோம்.

அத்தை மட்டும் தலையாட்டவில்லை.

அத்தையின் சிவப்புக் கார்டு

அத்தைக்கு அப்போது 74 வயது. இதே மலையில், இதே தோட்டத்தில் பிறந்தவர். 12 வயதில் கொழுந்து பறிக்கப் போனவர். இந்த நாட்டைத் தவிர வேறு மண்ணை மிதித்தறியாதவர். ஆனால் அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. நிரந்தரவாசி, குடிமகள் அல்ல. இங்கே வாழலாம், உழைக்கலாம், சாகலாம். ஓட்டுப் போட முடியாது.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்கும் இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1957-ல் மெர்டேக்கா கிடைத்தபோது, அதற்கு முன் இந்த மண்ணில் பிறந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குக் குடியுரிமை தானாக வந்துவிடவில்லை. பாரம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். சங்கத்துக்காரர் ஒருவர் லயம் லயமாக வந்து எடுத்துச் சொன்னாராம். அப்பா போய் எழுதிக்கொடுத்தார். நீலக் கார்டு வாங்கினார். அத்தைக்கு மட்டும் தாத்தா வேண்டாம் என்றுவிட்டார்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்? நாளைக்கு எல்லாரும் ஊருக்குத்தானே போவப்போறோம்!"

தாத்தா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு அத்தை அறுபது வருடம் வட்டி கட்டினார்.

நாம் பெட்டி கட்டிக்கொண்டிருந்த இரவில் அத்தை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தபடியே கேட்டார்: "ஏண்டா மருமவனே, என்கிட்ட நீலக் கார்டு இல்ல. இருந்தா நான் ஊர்ந்துக்கிட்டாவது போயி ஓட்டுப் போடுவேன். உன்கிட்ட இருக்கு. நீ கிடா வெட்டப் போற. போ, போ. சாமி கேட்டா சொல்லு, என் அத்தைக்கு ஓட்டு இல்ல, எனக்கு இருந்தும் இல்லன்னு."

நாம் சிரித்து மழுப்பினோம். அந்தப் பேச்சு மட்டும் பெட்டியோடு பெட்டியாக நம்முடன் வந்துவிட்டது.

மையில்லாத விரல்

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். விமான நிலையத்திலேயே வாடகைக் கார்க்காரர் கேட்டார், "மலேசியாவா சார்? ஒங்க ஊர்லே எலெக்சனாமே?" அதுதான் முதல் அடி. நாம் 'ஊருக்கு' வந்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு இறங்குகிறோம். அவர் 'உங்க ஊர்' என்கிறார்!

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் அந்த நேரம் இரண்டே செய்திகள்தாம். ஒன்று காவிரி. பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் தண்ணீரைப் பங்கிடும் ஏற்பாடு இன்னும் அமையவில்லை என்ற கோபம். மற்றொன்று மே 12-ல் நடக்கவிருந்த கர்நாடகத் தேர்தல். இவற்றுக்கு இடையே நம் நாட்டுச் செய்தி எப்போதாவது அடியில் ஓடும் எழுத்தாக வந்து போகும். நாம் சோற்றுக் கையோடு எழுந்து போய்ப் படிப்பதற்குள் ஓடிவிடும்.

ஆகவே கைபேசிதான் கதி. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முழ இடத்தில் மட்டும் கிடைக்கும். மே மாத வெயிலில் அந்தத் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. குளிர் மலையில் வளர்ந்த நாம் ஈரச் சாக்கை விரித்துப் போட்டு அதன் மேல் நின்றோம்.

9-ஆம் தேதி காலையில் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தவை எல்லாம் விரல்கள்! தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாசலில், மழைத் தூறலில் குடை பிடித்து நின்ற வரிசை. பக்கத்து வீட்டுக் கிழவர், பால்ய நண்பர், நம் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் எல்லாரும் இடது ஆள்காட்டி விரலை நீட்டி, மையைக் காட்டிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். நம் நாட்டில் இந்த அழியாத மை 2013 தேர்தலில்தான் முதன்முதலாக வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வழக்கம். ஆகவே அண்ணனுக்கு அந்தப் படங்கள் உடனே புரிந்துவிட்டன.

"தம்பி, ஒன் விரலைக் காட்டு பாப்போம்?"

காட்டினோம். கிடா வெட்டிய அன்று ஒட்டிய மஞ்சள் மட்டும் நகக்கண்ணில் இருந்தது.

அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. தன் கதையைச் சொன்னார். "2016 மே 16-ந் தேதி இங்க சட்டசபை எலெக்சன். முதல் நாள் ராத்திரி திருப்பூர்லேருந்து பஸ்சு. உக்கார எடம் இல்ல. நின்னுக்கிட்டே வந்தேன் தம்பி. காலையிலே ஓட்டப் போட்டேன், மத்தியானம் திரும்பவும் பஸ்சு. சம்பளம் ஒரு நாள் போச்சு. யாரு ஜெயிச்சா எனக்கென்ன? ஆனா நான் போடலேன்னா என் பேர்லே வேற எவனாச்சும் போட்டுருவானோன்னு ஒரு இது. என் பேரு என்னுது இல்லையா?"

என் பேரு என்னுது! எவ்வளவு எளிய பேச்சு!

அதே நேரத்தில் நம் நாட்டவர் செய்துகொண்டிருந்ததையும் கைபேசி காட்டியது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வேலை முடிந்த கையோடு பாலத்தைக் கடந்து, இரவெல்லாம் கார் ஓட்டி வடக்கே போனார்கள். கையில் காசில்லாத மாணவர்களுக்கு, முன்பின் தெரியாதவர்கள் பஸ் கட்டணம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் வாழ்கிற மலேசியர் முன்கூட்டியே விண்ணப்பித்தால் தபால் மூலம் வாக்களிக்கலாம் என்ற ஏற்பாடு 2013 முதல் உண்டு. ஆனால் 2018-ல் பலருக்கு வாக்குச்சீட்டு கடைசி நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. திருப்பித் தபாலில் போட்டால் 9-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் வந்து சேராது. என்ன செய்தார்கள் தெரியுமா? லண்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் விமான நிலையத்துக்கு ஓடினார்கள். மலேசியாவுக்குப் புறப்பட்ட பயணிகளிடம் உறைகளைக் கொடுத்தனுப்பினார்கள். இங்கே இறங்கியதும் தொண்டர்கள் வாங்கிக்கொண்டு தொகுதி தொகுதியாகப் பறந்தார்கள்.

வாக்குச்சீட்டு கடல் தாண்டி வீட்டுக்கு ஓடி வருகிறது. நாமோ வீட்டில் இருந்த ஓட்டைப் போட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போயிருக்கிறோம்!

மொட்டை மாடியில் ஓர் இரவு

நம் நாட்டுக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே 5 மணிக்கு வாக்களிப்பு முடிந்தபோது அங்கே பிற்பகல் 2.30. அதற்குப் பிறகு ஏழு பேரில் ஒருவரும் கீழே இறங்கவில்லை. அண்ணி தோசையை மேலேயே கொண்டுவந்து வைத்தார்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒன்று சொல்வார். அடுத்த நிமிடம் இன்னொருவர் அதையே மறுப்பார். எது மெய், எது பொய் என்று புரியவில்லை. கடைசியில் அத்தைக்கே போன் போட்டோம். அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் நகராமல் உட்கார்ந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியும். கொழுந்து நிறுத்த காலத்தில் கிராணி எழுதிய எடையைச் சரிபார்க்கக் கற்றுக்கொண்ட எண்!

"இப்ப இவங்களுக்கு இத்தன, அவங்களுக்கு இத்தன" என்று இடங்களின் எண்ணிக்கையை அத்தை சொல்லச் சொல்ல, தம்பி மகள் பள்ளி நோட்டில் குறித்துக்கொண்டாள். ஓட்டில்லாத கிழவி நாட்டுக்குள் இருந்து எண்ணிச் சொல்கிறார். ஓட்டுள்ள ஏழு பேர் நாட்டுக்கு வெளியே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம். வெட்கமாக இருந்தது.

முடிவு நாடறிந்தது. 222 இடங்களில் பக்காத்தான் ஹராப்பான் 113, பாரிசான் நேஷனல் 79, பாஸ் 18. சுதந்திரம் வாங்கி 61 ஆண்டுகளில் முதன்முறையாக மத்தியில் ஆட்சி மாறியது. மறுநாள் இரவு, 92 வயது டாக்டர் மகாதீர் மீண்டும் பிரதமராகப் பதவியேற்றார். யார் வந்தார், யார் போனார் என்பது இந்தப் பக்கத்தின் பேச்சல்ல. அவரவர்க்கு ஒரு கட்சி, அவரவர்க்கு ஒரு நியாயம். நாம் சொல்ல வந்தது வேறு.

அன்றைக்கு நூற்றுக்கு 82 பேர் வாக்களித்தார்கள். மீதி 18 பேர் வீட்டில் இருந்தார்கள், வேலையில் இருந்தார்கள், நோயில் இருந்தார்கள், அல்லது நம்மைப்போல மொட்டை மாடியில் இருந்தார்கள்.

தகரப் பெட்டிக்குள் நீலக் கடிதங்கள்

மறுநாள் காலை, பசியாறிக்கொண்டிருக்கும்போது அண்ணனின் தாயார், நமக்குப் பெரியம்மா முறை, ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். தாத்தாவின் பெட்டி.

தாத்தா 1937-ல் மலாயாவுக்கு வந்தவர். இங்கே இருந்த காலமெல்லாம் அவர் மனம் அங்கேயே இருந்தது. 1967-ல் தமிழ்நாட்டில் தேர்தல் நடந்தபோது தோட்டத்துக் கடை வானொலியைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றதாம். விருதுநகரில் காமராசர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார் என்ற செய்தி கேட்டுத் தாத்தா அன்று சாப்பிடவில்லை என்று அப்பா சொல்வார். அண்ணா முதலமைச்சர் ஆனார் என்று அடுத்த லயத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். இரண்டு லயத்துக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை! 1964-ல் இந்த நாட்டிலும் பொதுத்தேர்தல் நடந்தது. அதற்காக யாரும் பட்டினி கிடந்ததாகவோ மிட்டாய் கொடுத்ததாகவோ நாம் கேட்டதில்லை. தாத்தாவிடம் நீலக் கார்டு இல்லை. 'இது நம்ம ஊரு எலெக்சன் இல்லியே' என்ற நினைப்பு.

பிறகு 1969 வந்தது. நீலக் கார்டு இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. பல்லாயிரக்கணக்கான நம்மவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். தாத்தாவும் பாட்டியும் 1970-ல் போனார்கள். கல்யாணமாகிவிட்ட அத்தை, சிவப்புக் கார்டோடு மலையிலேயே தங்கிவிட்டார்.

பெட்டியைத் திறந்தோம். அப்பா இங்கிருந்து தாத்தாவுக்கு எழுதிய நீல நிற விமானக் கடிதங்கள். ஒன்றில் 1974-ஆம் ஆண்டுத் தேதி. நல விசாரிப்புக்குப் பிறகு அப்பா எழுதியிருந்தார்: தாங்கள் கேட்டிருந்த தேர்தல் விபரம் கீழே கண்டபடி. நம் தொகுதியில் யார் ஜெயித்தார், எவ்வளவு ஓட்டு, எல்லாம் வரிசையாக.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே இருந்தபோது அங்கத்துத் தேர்தலுக்காகப் பட்டினி கிடந்தவர், அங்கே போன பிறகு இங்கத்துத் தேர்தலைக் கேட்டு எழுதியிருக்கிறார்!

"ஏன் பெரியம்மா, தாத்தா இங்க ஓட்டுப் போட்டாரா?"

"எங்கேருந்து? 71-லே எலெக்சன் வந்தப்ப லிஸ்ட்லே அவரு பேரு ஏறலே. அப்புறம் 75-லே போய்ச் சேந்துட்டாரு. இங்கயும் 'மலேயாக்காரரு'ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

இரண்டு நாட்டுத் தேர்தலையும் வாழ்நாள் முழுக்கக் கவனித்த மனிதர். ஒரு நாட்டிலும் ஒரு தடவைகூட விரல் வைத்து ஓட்டுப் போடாமலேயே போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற மிச்சம்தான் அத்தையின் சிவப்புக் கார்டு. கவனிப்பது வேறு, கலந்துகொள்வது வேறு என்பது அந்தத் தகரப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் நம் மண்டையில் ஏறியது.

597

திரும்பி வந்த பிறகு நம் தொகுதி முடிவை நிதானமாகப் பார்த்தோம். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இருந்த வித்தியாசம் வெறும் 597 ஓட்டு. அதற்கு முன் 2013-ல் 462 ஓட்டு!

நம் வீட்டு ஏழு ஓட்டால் 597-ஐப் புரட்டியிருக்க முடியாது; உண்மைதான். ஆனால் வாசகர்களே, எண்ணிப் பாருங்கள். 'ஏழு ஓட்டுலே என்ன ஆயிடப்போவுது' என்று சொன்ன வீடு நம் வீடு ஒன்றுதானா? நகரத்துக்கு வேலைக்குப் போய்ப் பஸ் ஏறச் சோம்பிய பிள்ளைகள் எத்தனை? தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறி, ஓட்டை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை? எண்பது, தொண்ணூறு வீடு சேர்ந்தால் 597 வந்துவிடுகிறதே!

யாருக்குமே இரண்டாம் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. நமக்குக் கிடைத்தது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று கண்டு, 2018 நவம்பர் 30-ல் தேர்தல் நீதிமன்றம் நம் தொகுதியின் முடிவைச் செல்லாது என்று அறிவித்தது. 2019 ஜனவரி 26, சனிக்கிழமை, இடைத்தேர்தல். அதில் ஜெயித்தவர் மக்களவைக்குச் சென்ற முதல் ஓராங் அஸ்லி உறுப்பினர் ஆனார். இந்த மலைக்கு நமக்கெல்லாம் முன்பே வந்தவர்கள் ஓராங் அஸ்லி மக்கள். அவர்களுக்கும் ஒரு குரல் கிடைக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்று காலை 8 மணிக்கே ஏழு பேரும் வரிசையில் நின்றோம். அத்தையும் கூட வந்தார். "நீங்க எதுக்கு அத்தை, பனியிலே?" என்றதற்கு, "நீ உள்ளே போறியான்னு பாக்கத்தான்" என்றார். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே, கம்பளிச் சட்டையைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். வெளியே வந்ததும் நம் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மை சரியாகப் பட்டிருக்கிறதா என்று நகத்தோரம்வரை பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அத்தைக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பம் எழுதிப் போட்டோம். பதில் வருவதற்குள் 2021-ல் காலமாகிவிட்டார். 77 ஆண்டுகள் இந்த மண்ணில் இருந்தவர், சிவப்புக் கார்டோடுதான் போனார்.

வாசகர்கள் செய்ய வேண்டியது

இப்போது சில காரியங்களைச் சொல்லிவிடுகிறோம். கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டாலும் நல்லதே.

முதலாவது, வயது. முன்பெல்லாம் 21 வயது ஆகி, நாமே போய்ப் பதிந்தால்தான் ஓட்டு. 2019-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. அதனால்தான் 2018-ல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022 தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. 'நான் பதியவே இல்லியே' என்று இனி எந்தப் பிள்ளையும் சாக்குச் சொல்ல முடியாது.

இரண்டாவது, முகவரி. பெயர் ஏறுவது அடையாளக் கார்டில் உள்ள முகவரிப்படிதான். தோட்டம் போய், அங்கே வீடமைப்புப் பகுதி எழும்பி, நாம் ஐம்பது மைல் தள்ளிக் குடியேறிய பிறகும் கார்டில் பழைய லயத்து நம்பரே இருந்தால், ஓட்டும் அங்கேதான் கிடக்கும். தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் முகவரியை மாற்றுங்கள். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்கள் அதோடு நின்றுவிடாமல், தேர்தல் ஆணையத்திடமும் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பள்ளியில் ஓட்டு என்பதை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அடையாளக் கார்டு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். தபால் ஓட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு கெடு உண்டு. தேர்தல் நாளன்று விமானச் சீட்டைக் காட்டி, அங்கேயே ஓட்டுப் போட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். எந்த நாட்டில் இருப்பவருக்கு வசதி உண்டு என்பதும் தேர்தலுக்குத் தேர்தல் அறிவிக்கப்படுகிறது. 2018-ல் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு அது கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, நம்மைப் போன்ற யாத்திரைக்காரர்கள். நாடாளுமன்றத்தின் ஐந்தாண்டுக் கணக்கு நெருங்கும்போது டிக்கெட் வாங்கினால், நாளை மாற்ற வழியுள்ள டிக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். குலதெய்வம் ஒரு மாதம் பொறுக்கும். தேர்தல் பொறுக்காது.

ஐந்தாவது, இதுதான் முக்கியம். உங்கள் லயத்தில், உங்கள் தாமானில், சிவப்புக் கார்டோடு ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்களுடைய பிறப்புப் பத்திரம், பெற்றோர் பத்திரம், பழைய தோட்டச் சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் திரட்டி, விபரம் தெரிந்த ஒருவரின் துணையோடு விண்ணப்பம் செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நாம் தள்ளினோம், அத்தை காத்திருக்கவில்லை.

2022 நவம்பர் 19-ல் 15-வது பொதுத்தேர்தல் நடந்தது. எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை இல்லாமல், ஐந்து நாள் கழித்தே பிரதமர் பதவியேற்றார். கெடா மாநிலத்தில் பாடாங் செராய் தொகுதியின் வேட்பாளர் ஒருவர் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு காலமானதால், அங்குள்ளவர்கள் டிசம்பர் 7 வரை காத்திருந்து வாக்களித்தார்கள். அந்த ஆண்டும் துறையூரிலிருந்து அண்ணன் அழைத்தார், கார்த்திகை மாதம் வரச் சொல்லி.

"வர்றோம் அண்ணே, எங்க ஊர் எலெக்சன் முடியட்டும்" என்றோம்.

அந்தப் பக்கம் அண்ணன் சிரித்தார். சொன்ன பிறகுதான் நமக்கே உறைத்தது. 'எங்க ஊர்' என்று நம் வாயில் வந்தது இந்த மலை!

பாட்டன் பூட்டன் மண்ணைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போங்கள், சாமி கும்பிடுங்கள், சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் கதவைப் பூட்டும் முன், அடுப்பை அணைத்தோமா, தண்ணீர்க் குழாயை அடைத்தோமா என்று பார்ப்பதுபோல, ஓட்டைப் போட்டோமா என்றும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.